சிங்கனுக்கு நான் போட்ட பங்கு

தம்பி,

நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, குட்டிக்கு மூண்டு மாசம். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு குடுக்கலாம்?" என்று கேட்டாய். நான் திரையில் அந்த நாய்க்குட்டியின் பெரிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்சை லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வை அது. "எழுதுங்கோ" என்றா. "போனிலை சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் பாதியை விழுங்கிப் போடுவியள்." ஆகவே குசினி மேசையில், நீ எழுதாமல் விட்டுப்போன கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடிய அம்மா தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்புவா. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. அவளும் இதைக் கேட்கவேண்டும்.

உன் கேள்வி என்னைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தடுத்தது. குட்டி படியில் இறங்கக் காலை வைத்தது. நீ பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டாய். மருமகள் சிரித்து, "இவர் அதை நிலத்திலை கால் வைக்க விடுறாரே இல்லை, மாமா" என்றாள். நீ சிரிக்கவில்லை. "நான் ஒண்டின்ரை காலைக் கெடுத்தனான். அது காணும்" என்றாய். எத்தனை வருஷம் போய்விட்டது! நீ இன்னும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்பது எனக்கு நேற்றுத்தான் முகத்தில் அறைந்தமாதிரித் தெரிந்தது. அந்தச் சுமை உன்னுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையில் அது மறந்துபோகும். பெரிய சாதிக் குட்டிகளுக்கென்றே தனியாகச் செய்த சாப்பாட்டை வாங்கு. அந்தப் பையில், குட்டி வளர்ந்து முடிந்தால் என்ன நிறை வரும், இப்போது என்ன வயது என்று பார்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அது தொடங்குவதற்கு ஒரு அளவு, அவ்வளவுதான். அதைத் தராசில் நிறுத்து மூன்றாகப் பிரித்துக் காலை, மத்தியானம், பின்னேரம் என்று வை. ஆறு மாதம் தாண்ட இரண்டு நேரம் போதும். கால் மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடு. இடையில் ஆசைக்குக் கொடுக்கிற துண்டு துணுக்கும் அந்த அளவுக்குள்தான் வரவேண்டும். கல்சியம், எலும்புத் தூள் என்று மேலதிகமாக ஒன்றும் கலக்காதே. யார் சொன்னாலும் கலக்காதே. நான் சொன்னாலும் கலக்காதே. அவன் முகத்தைப் பார்த்துப் போடத் தொடங்கினால் உனக்கு முடிவே இராது, இந்தச் சாதி நாய்கள் அப்படிப் பார்க்கும். முகத்தை விட்டுவிட்டு விலாவைத் தொட்டுப் பார். உன் ஒரு கையை விரித்துப் பிடித்து, மற்றக் கையால் புறங்கையைத் தடவு. எலும்புகள் விரலில் தட்டுப்படும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்காது. குட்டியின் விலா அப்படி இருக்கவேண்டும். உள்ளங்கைமாதிரி மெத்தென்று இருந்தால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறை. பொத்திய கையின் விரல் முட்டுமாதிரிக் குத்தினால் கொஞ்சம் கூட்டு. அங்குள்ள டொக்டரிடம் காட்டும்போது அவர் சொல்வதைக் கேள், அவர் நாயைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

மீன் பிடித்த கிழவன் இதையெல்லாம் எங்கே படித்தான் என்று நீ யோசிப்பாய். சீனி வருத்தம் வந்தபிறகு உன் அம்மா எனக்கும் இப்படித்தான் சோற்றை அளந்து போடுகிறா, அரிசி அளக்கிற சுண்டுப் பேணி ஒன்றுக்கு மேல் ஒரு பருக்கை விழாது. நானும் எங்கள் பழைய நாய் சிங்கன் கோப்பையைப் பார்த்தமாதிரிப் பார்க்கிறேன். ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் விலாவின் பாடத்தை நான் படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு மிருக வைத்தியரின் அறையில். அந்த நேரம் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

சிங்கன் வந்த நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீதான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாய். கொழும்பிலிருந்து உன் சித்தப்பா ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த அல்சேஷன் குட்டி. வழியில் புளியங்கூடலில் இறங்கவேண்டிய அரைவாசிப் பஸ் இறங்காமல் அவனைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஊர்காவற்துறைக்கு வந்துவிட்டது என்று சித்தப்பா கதை விட்டான். உனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்ததும் அவன் உன் கையை விட்டு நேரே குசினிக்குள் ஓடி, அம்மா சொதிக்குப் பிழிந்து வைத்த தேங்காய்ப்பாலைக் கவிழ்த்தான். "வந்த உடனை சிங்கன் வேலையைக் காட்டிப் போட்டார்" என்று நீ சிரித்தாய். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது, மருமகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கடலால் வந்த வள்ளத்தைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து ஏற்றும்போது, கை கொடுத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் போடவேண்டும். கேட்கவும் கூடாது, கொடுக்காமல் விடவும் கூடாது. சிங்கன் வந்து ஒரு மாதத்தில் அந்தக் கயிற்றின் நுனியைப் பல்லால் பற்றிக்கொண்டு, பின்னங்காலை மணலில் ஊன்றி, உறுமிக்கொண்டு இழுக்கத் தொடங்கினான். நீ அவனுக்கு முன்னால் இழுப்பாய். என்னோடு தொழிலுக்கு வந்த மரியதாஸ் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "இவனும் இழுத்தவன்தானே, இவனுக்கும் ஒரு பங்கு போடும்" என்றார். அன்றைக்குப் பகிடிக்குப் போட்டோம். அடுத்த நாளும் போட்டோம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வளர்ந்த ஒரு ஆளுக்குப் போடுகிற அளவு சூடை மீனும் ஒட்டி மீனும், நாள் தவறாமல், மூன்று மாதக் குட்டிக்கு! அதை அவித்து, முள்ளெடுத்து, ஒரு சுண்டு அரிசிச் சோற்றோடு பிசைந்து மூன்று நேரமும் நானே வைத்தேன். அம்மாவைக்கூட வைக்க விடவில்லை. அவன் கோப்பையை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் இன்னும் ஒரு அகப்பை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கரையில் ஒதுங்குகிற கணவாய் மீனின் ஓட்டை நாங்கள் பொறுக்கிவந்து கோழிக்கு இடித்துப் போடுவோமே, முட்டை ஓடு தடிப்பாக வருமென்று? முட்டைக்குச் சரியென்றால் நாயின் எலும்புக்கும் சரிதானே என்று என் பெரிய மூளை வேலை செய்தது. ஓட்டை அம்மியில் மா மாதிரி அரைத்து, காலையில் அவன் கஞ்சியில் கலந்தேன். ஐந்தாம் மாதத்தில் அவன் கன்றுக்குட்டி மாதிரி நின்றான். அனலைதீவு வள்ளத்துக்குக் காத்து நிற்கிற சனம் நின்று பார்த்துவிட்டுப் போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னங்கால் மூட்டு பருத்தது, பலசாலி என்றேன். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. "அண்ணை, கால் கொஞ்சம் வளைஞ்சமாதிரிக் கிடக்கு" என்று மரியதாஸ் அண்ணையே சொன்னார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஒருநாளும் என்னை அண்ணை என்று கூப்பிடாதவர், அன்றைக்குப் பயத்தில் கூப்பிட்டார். "சிங்கத்தின்ரை நடை அப்படித்தான்" என்றேன்.

ஏன் அப்படிப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீ பிறந்து ஒரு வருஷத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்தோம். பால்மா இல்லை. அம்மா அரிசியை வறுத்து மாவாக்கிக் கரைத்துத் தருவா, அதுவும் எல்லா நாளும் இல்லை. உனக்கு உடுப்பு மாற்றும்போது உன் விலாவை எண்ணலாம். நான் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் எண்ணினேன். கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாத மனிதன் நான், என் பிள்ளையின் விலா எலும்புக்குப் பயந்து வெளியே போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு எந்த உயிரிலும் விலா தெரிந்தால் என் கை அகப்பையைத் தேடும். நீ சாப்பிட்டு எழும்பினாலும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அம்மாவோடு சண்டை பிடிப்பேன். நீ கோப்பைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு "காணும் அப்பா, காணும்" என்பாய். உனக்கு வாய் இருந்தது, காணும் என்று சொன்னாய். சிங்கனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை நாங்கள் சாட்டிக் கடற்கரைக்குப் போனோமே, அதை நான் இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டோவில் நீயும் சிங்கனும் பின்னால், அம்மாவின் மடியில் சோற்றுப் பானை. கடற்கரையில் இறங்கியதும் நீ ஓடத் தொடங்கினாய். முதலில் நீ முன்னால், அவன் பின்னால். பிறகு அவன் முன்னால், நீ பின்னால். கரையின் அந்தத் தொங்கல்வரை போய் இரண்டு பேரும் புள்ளியாகி, திரும்பி வந்து, எங்கள் சோற்றில் மணலைத் தூவிக்கொண்டு மறுபக்கம் போனீர்கள். அம்மா ஏசினா. நான் சோற்றிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீ ஓடுகிற ஓட்டம் என் பிள்ளையின் ஓட்டம் என்று நெஞ்சு நிறைந்து கிடந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

பிறகு இரண்டு கிழமையில் அது நடந்தது. கரையில் நின்ற வள்ளத்தின் அணியத்தில், அந்த உயர்ந்த முன்பக்கத்தில், நீயும் அவனும் ஏறி நின்றீர்கள். நீ மணலில் குதித்து அவனைக் கூப்பிட்டாய். அவன் குதித்தான், கத்தினான், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்து, கிடந்த கயிற்றின் நுனியால் உனக்கு அடித்தேன். "வளர்ற குட்டியைப் பாயவிட்டுக் காலைக் கெடுத்துப் போட்டியேடா!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினேன். நீ அழவில்லை. அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாய்.

நொண்டல் மாறவில்லை. நாலாம் நாள் அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். மிருக வைத்தியர் உன் அம்மாவின் வயதுள்ள ஒரு பெண். சிங்கனின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டா. நான் பெருமையாகத்தான் தொடங்கினேன். மீன், சோறு, மூன்று நேரம், அகப்பைக் கணக்கு, கணவாய் ஓடு. அவ எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டா. "ஐயா, இந்தச் சாதி நாய் மெல்ல மெல்லத்தான் வளரவேணும். நீங்கள் எலும்பு முத்த முதல் உடம்பை ஏத்திப் போட்டியள். குட்டியளின்ரை உடம்பாலை மேலதிகக் கல்சியத்தை வெளியாலை தள்ள ஏலாது. அது எலும்பு வளர்றதைக் குழப்பிப் போடும்" என்றா. "பெடியன் பாயவிட்டதாலை இல்லையோ, டொக்டர்?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவாவோ என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். "இல்லை ஐயா. அண்டைக்கு நோவு தெரிஞ்சது, அவ்வளவுதான். கால் அதுக்குக் கன நாளைக்கு முன்னமே வளைஞ்சிட்டுது." பிறகு என் கையை விரிக்கச் சொல்லி, புறங்கையைத் தடவிக் காட்டி, விலாவைப் பார்க்கப் பழக்கினா. சுகம் வரும்வரை குதிக்க விடவேண்டாம் என்றும் சொன்னா.

திரும்பி வர நீ பள்ளிக்கூட உடுப்போடு சந்தியில் நின்றாய். எவ்வளவு நேரம் நின்றாயோ தெரியாது, சப்பாத்தெல்லாம் புழுதி. ஓட்டோ நிற்க முதலே ஓடிவந்து, "என்ன அப்பா சொன்னவ?" என்று கேட்டாய். நான் சொன்னேன்: "இனிப் பாயவிடாதை எண்டு சொன்னவ."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். உன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே அணைந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓட்டோவிலிருந்து சிங்கனை இறக்கினேன். கரை முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு, இனி யாரிடம் போய்ப் பிழை என்னுடையது என்று சொல்வது? சிங்கனின் பங்கை நிறுத்தச் சொன்னபோது மரியதாஸ் அண்ணை காரணம் கேட்டார். "பெடியன் காலைக் கெடுத்துப் போட்டான், இனி உடம்பு கூடக் கூடாதாம்" என்றேன். அவரிடமும் உன் தலையில்தான் போட்டேன். அதன்பிறகு சுண்டில் ஆணியால் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு பருக்கையும் போகாமல் அளந்து வைத்தேன். கணவாய் ஓடு கோழிக்குத் திரும்பிப் போனது. மூன்று நாலு மாதத்தில் சிங்கன் மெலிந்து, நொண்டல் குறைந்து, நோவில்லாமல் நடந்தான். முன்னங்கால் வளைவு மட்டும் சாகும்வரை நிமிரவில்லை.

நீ அவனோடு ஓடுவதை விட்டுவிட்டாய். ஓடுவதையே விட்டுவிட்டாய். அவன் கயிற்று நுனியைக் கவ்விக்கொண்டு வந்து உன் மடியில் போடுவான், நீ அதை மெல்ல எடுத்து அந்தப் பக்கம் வைப்பாய். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மாஸ்ரர் உன் பெயரை எழுத, நீ போய் வெட்டுவித்துவிட்டு வந்தாய். அம்மா ஏன் என்று கேட்க, "நான் ஓடினால் சிங்கன் பாத்துக்கொண்டு நிப்பான்" என்றாய். நான் அடுத்த அறையில் இருந்தேன். அப்போதாவது எழும்பி வந்திருக்கலாம்.

நீ கனடாவுக்குப் போன அடுத்த மாரியில் சிங்கன் செத்தான், அதை உனக்கு உடனே சொன்னோம். அவனைத் தென்னைக்குக் கீழே புதைத்துவிட்டு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதை உனக்குச் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அவனுக்குச் சொல்லுங்கோ" என்றா. பரீட்சை முடியட்டும் என்றேன். வேலை கிடைக்கட்டும் என்றேன். கலியாணம் முடியட்டும் என்றேன். எனக்குச் சாட்டுக் கிடைத்துக்கொண்டே இருந்தது. நேற்று உன் கையில் அந்தக் குட்டி நிலத்தில் கால் வைக்க முடியாமல் தொங்கியதைப் பார்த்தபிறகு ஒரு சாட்டும் மிஞ்சவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விடத்தான் மனம் சொல்கிறது, ஏனென்றால் இதுதான் எனக்கு ஆகப் பெரிய வெட்கம். அன்றைக்கு நான் அறையை விட்டு வெளிக்கிடும்போது டொக்டர் திரும்பக் கூப்பிட்டா. சிங்கனின் பின்னங்காலைப் பிடித்துக் காட்டி, "இவனோடை ஆர் ஓடுறது?" என்று கேட்டா. என் மகன் என்றேன். "மணலிலை அந்தப் பிள்ளை ஓடப் பழக்கினபடியால்தான் இவ்வளவு தசையெண்டாலும் இருக்கு. இல்லாட்டி இந்த நிறைக்கு இவன் எழும்பியே இருக்கமாட்டான். பிள்ளைக்குச் சொல்லுங்கோ, நல்லாய்ச் செய்திருக்கிறார் எண்டு."

சொல்லுங்கோ என்றா, தம்பி. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு சொல்கிறேன். நீ நல்லாய்ச் செய்தாய். அவனை நடக்க வைத்தது நீ.

என்னை மன்னிப்பதைப்பற்றி நீ ஆறுதலாக யோசி, அதற்கு அவசரமில்லை. குட்டிக்குத்தான் அவசரம். மூன்று மாதம் முடிந்துவிட்டது, அவனுடைய கால் வளர்வது நில்லாது. உயரத்திலிருந்து குதிக்க விடாதே, களைத்தால் நிற்க விடு, மற்றப்படி புல்லில் அவன் பாட்டுக்கு ஓடட்டும். சாப்பாட்டை அளந்து வை. ஓட்டத்தை அவனே அளந்துகொள்வான்.

நாளைக்குப் பின்னேரம் போன் எடு. போனை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு, குட்டியை இறக்கிவிட்டு, நீ முன்னால் ஓடு. லைன் சரியில்லை என்று சொல்லமாட்டேன். உனக்குப் பதின்மூன்று வயதுக்குப் பிறகு நீ ஓடி நான் பார்க்கவில்லை.

அப்பா